புலிக்கென்று கட்டிய இடம்

எங்கள் பூங்காவுக்குப் புலி கடைசிவரைக்கும் வரவில்லை. வராத புலிக்கு நாங்கள் காட்டிய மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இருந்த கரடியை நினைத்தால் சிரிக்கிற வாயிலேயே திட்டு வருகிறது. எனக்கு வாய் நீளம் என்று அந்த ஆபீசில் எல்லாரும் சொல்வார்கள். அவர்களோடு அத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்?

மாவட்டம் பிரிந்த புதிது. எதற்கெடுத்தாலும் வேலூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த ஊருக்குத் திடீரென்று தான் பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு வந்தது. வேங்கிக்கால் பக்கம் புதுசு புதுசாக அரசாங்கக் கட்டடம் எழும்பியது. ஊரில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கமிட்டி கமிட்டியாகச் சேர்ந்தார்கள். நான் வேலை பார்த்தது அப்படி ஒரு கமிட்டியில்தான். ஒரு அரிசி மில் குடும்பம் எப்போதோ தானமாகக் கொடுத்த தோப்பில், ஊர்க்காரர்களே நடத்திவந்த சின்ன மிருகப் பூங்கா அது. கோயிலுக்கு வந்து, மலையைச் சுற்றி முடித்து, பஸ்ஸுக்கு நேரம் மிச்சமிருக்கிற ஜனம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும். டைப் அடிப்பது, டிக்கெட் கிழிப்பது, மீட்டிங்குக்கு மிக்சர் வாங்கி வைப்பது எல்லாம் நான்தான்.

மிருகங்கள் என்று சொன்னால் கொஞ்சம் பெரிய பேச்சு. சில புள்ளிமான்கள், தோகை உதிர்ந்த மயில், அசையவே அசையாத மலைப்பாம்பு, ஒரு முயல் பட்டாளம். குரங்குக் கூண்டு ஒன்றும் இருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் அந்தக் கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கிற குரங்குகளுக்குப் போட்ட கடலையைக் கைவிட்டு எடுத்துத் தின்னும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் எந்தக் குரங்கைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

கரடி இருந்தது கடைசியில், கக்கூசுக்குப் பக்கத்தில். செங்கம் ரோட்டில் அதை வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒருத்தனிடமிருந்து அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு வந்து, ‘தற்காலிகமா வச்சிருங்க’ என்று விட்டுப் போனார்கள். பெண் கரடி. மூக்கில் வளையம் போட்ட ஓட்டை தூர்ந்து வடுவாகியிருந்தது. அதற்கென்று இடம் இல்லாததால் மயிலுக்குக் கட்டிய கூண்டில் விட்டார்கள். சிமெண்ட் தரை, தகரக் கூரை. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பங்குனி பிறந்தால் மலையே அடுப்புக் கல் மாதிரி காய்ந்து, சூரியன் இறங்கின பிறகும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் அந்தத் தரையில் நிற்க முடியாமல் கரடிக்குப் பாதம் வெந்து தோல் உரிந்துவிடும். ஒரு காலைத் தூக்கும், வைக்கும், மறு காலைத் தூக்கும். நாளெல்லாம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே நிற்கும்.

ஜனம் என்ன சொன்னது தெரியுமா? “பாருடா, டேன்ஸ் ஆடுது!” கைதட்டிச் சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னாள். கூண்டுக்கு முன்னால் சப்பணம் போட்டுக் கண்ணை மூடி ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்து, இந்தக் கரடி ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறது என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “ஃப்ளோர் ஹாட், மேடம்” என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கரடியைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் காவலாள். நடுவயசு. ஒன்றும் தங்கக்கம்பி இல்லை. ஓயாத வாய், ஓயாத பீடி. கரடிக்கு வரும் கூழில் பாதியை அவர்தான் குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கேட்டால், “கூடச் சேர்ந்து குடிச்சாதாங்க அது குடிக்குது” என்பார். ஆனால் கரடி விஷயத்தில் மட்டும் அந்த ஆளுக்கு வேறு முகம். அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கோணிகளை நனைத்து நனைத்துத் தரையில் போடுவார். கொஞ்ச நேரத்தில் அவை அப்பளமாகக் காய்ந்துவிடும். மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் கேட்டது பெரிசாக ஒன்றும் இல்லை. கரடிக்குக் கொஞ்சம் மண் தரை, ஒரு நிழல், இறங்கி நிற்க ஒரு தண்ணீர்த் தொட்டி. அடுத்த கத்திரிக்குள் அது கிடைக்கவேண்டும். வாசலில் யார் வண்டியை நிறுத்தினாலும் இதையே சொல்லிக் கழுத்தறுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று கமிட்டி அறிவித்தது. காவலாள் என் மேஜைக்கு வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “மேடம், பாப்பாவுக்கு விடிஞ்சிடுச்சி.” எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மீட்டிங்குக்கு மிக்சரோடு முந்திரி கேக்கும் வாங்கி வைத்தேன்.

மெட்ராஸிலிருந்து பிளான் போடுகிறவர் ஒருத்தர் வந்து கலர்ப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். படத்தில் பூங்காவைச் சுற்றிப் பார்க்கிற ஜனம் எல்லாம் தொப்பி வைத்துக்கொண்டு நாய் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தருக்குக்கூட மொட்டை இல்லை, ஒருத்தர் கையிலும் கட்டுசோற்று மூட்டை இல்லை. எந்த ஊருக்குப் போட்டது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எதற்கு முதலிடம், எதற்கு ரெண்டாவது என்று கமிட்டி தீர்மானிக்கவேண்டும் என்றார் பிளான்காரர்.

கமிட்டியில் வாயைத் திறக்கிறவர்கள் மூன்று பேர். தானம் கொடுத்த அரிசி மில் குடும்பத்துப் பிள்ளை தலைவர். ஒரு லாட்ஜ்காரர். ஒரு கான்ட்ராக்டர்.

தலைவர் ஆரம்பித்தார். “மொதல்ல ஆர்ச்சுங்க. வாசல் கம்பீரமா இருந்தாதான் உள்ள இருக்கிறதுக்கு மதிப்பு.”

“ரெண்டாவது புலி” என்றார் லாட்ஜ்காரர். “புலி இல்லாம இன்னாங்க ஜூ? வேலூர்க்காரன் சிரிக்க மாட்டானா?”

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். “புலி எங்கேர்ந்துங்க வரும்?”

கான்ட்ராக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எடம் ரெடியா இருந்தா புலி தன்னால வந்துடும்மா. பொண்ணு அமையறதுக்கு முன்னாடியே மண்டபம் புக் பண்றதில்லையா?”

மூன்றாவது, வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சிங்கம். சிமெண்ட் சிங்கம்தான். நாலாவது தலைவருடைய அப்பாவுக்குச் சிலை. இப்படியே போய்க் கடைசியில், ஏதாவது மிச்சமிருந்தால், கரடி.

“கரடியைப் பார்க்க எவனுங்க காசு குடுப்பான்?” என்றார் லாட்ஜ்காரர். “செங்கம் ரோட்டுல சும்மா நின்னா போதும், தாடியும் சடையுமா சாமியாருங்களை ஜாஸ்தியாவே பார்க்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிளான்காரரும் என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார். “மண் தரையும் ஒரு தொட்டியும்தானுங்க. ஆர்ச்சுல ஒரு தூண் கம்மி பண்ணா அதுக்குப் போதும்” என்றேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஏம்மா, காபி இன்னும் வரலியா?”

புலிக்குக் கட்டினார்கள் ஐயா, என்னமாய்க் கட்டினார்கள்! வட்டமாக ஒரு மண்மேடு. சுற்றி ஆழமான அகழி, அதற்கு வெளியே இடுப்புயரத்துக்குச் சுவர். மேட்டில் ஏற்கெனவே இருந்த பெரிய புங்கமரத்தை அப்படியே விட்டார்கள். அதன் நிழலில் ஒரு குகை. குகைக்கு முன்னால் சின்னக் குளம், இறங்கிக் கிடக்கிற மாதிரி. காவலாள் தினமும் போய்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அந்தக் குளத்தையே பார்ப்பார். “ஏசி ரூம் மாதிரி கீதுங்க மேடம்” என்று வந்து சொல்வார். கல்யாண வீட்டை வெளியே நின்று பார்க்கிற ஆள் மாதிரி எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எல்லாம் முடிந்தது. ‘வங்கப் புலி’ என்று மஞ்சள் பலகையும் மாட்டியாயிற்று. புலி மட்டும் பாக்கி. அப்போதுதான் கேட்டால் புலி கிடைக்காது, டெல்லிவரைக்கும் அனுமதி வேண்டும், அதற்கென்று டாக்டர் வேண்டும், அது வேண்டும் இது வேண்டும் என்று தெரியவந்தது. இதைக் கட்டுவதற்கு முன்னால் யாரும் விசாரிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, பந்தல் போட்டு, மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனிதரையும் கூப்பிட்டாகிவிட்டது.

“காலியா வுட்டா அசிங்கம்” என்றார் லாட்ஜ்காரர். “ஒரு நாளைக்கு எதையாவது உள்ள வுடுங்க.”

மயில் பறந்துவிடும். மானை விட்டால் ஊரே சிரிக்கும். ஆக, ஒரு நாளைக்கு மட்டும், கரடி.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அதை உள்ளே விட்டபோது நானும் நின்றிருந்தேன். கதவைத் தாண்டி மண்ணில் கால் வைத்ததும் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கியது. வைத்தது. மறு காலைத் தூக்கியது. வைத்தது. பிறகு நாலு காலையும் ஊன்றி அப்படியே நின்றது. ஆடவில்லை. அது ஆடாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் மெதுவாகக் குளத்தில் இறங்கி, உட்கார்ந்து, தண்ணீரைக் கையால் அடித்தது. காவலாள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

மறுநாள் பெரிய மனிதர் வந்து ரிப்பனை வெட்டினார், கேமராவைப் பார்த்தார், அகழிப் பக்கம் திரும்பவே இல்லை. எழுதிக் கொடுத்ததை வாசித்தார். “இந்தக் கம்பீரமான புலியைப் போல இம்மாவட்டமும் பாயும்” என்றார். பின்னால் கரடி முதுகைப் புங்கமரத்தில் சொறிந்துகொண்டிருந்தது. ஜனம் பலமாகக் கைதட்டியது. ஒரு அம்மா மட்டும் தன் வீட்டுக்காரரிடம், “இன்னாங்க புலி கருப்பா கீது?” என்றாள். “நெழல்ல கீதுடி” என்றார் அவர்.

விழா முடிந்த கையோடு தலைவர் உத்தரவு போட்டார். திங்கட்கிழமைக்குள் கரடி பழைய கூண்டுக்குப் போய்விட வேண்டும். புலி எப்போது வேண்டுமானாலும் வரலாமாம், வருகிற இடத்தில் கரடி வாடை அடிக்கக் கூடாதாம். நான் சண்டை போட்டேன். “வராத விருந்தாளிக்காக இருக்கிறவளை வெளியே தள்ளுவீங்களா?” என்றேன். காவலாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

திங்கட்கிழமை காலையில் கான்ட்ராக்டர் ஆட்களோடு கயிறும் தடியுமாக வந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். வட்டச் சுவரில் மஞ்சள் பூசி மூன்று இடத்தில் குங்குமம் வைத்திருந்தது. புங்கமரத்தில் மஞ்சள் துணி. சுவர்மேல் எலுமிச்சம்பழம், கற்பூரம் கொளுத்திய கருப்பு. மலை சுற்றிவிட்டு வந்த ஜனம் ஒரு கூட்டம் அதைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில், யாரும் யாரையும் கேட்காமல், செருப்பை ஓரமாக விட்டுவிட்டுச் சுவரை வலம்வர ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வட்டமாக எதைக் காட்டினாலும் கால் தானாகச் சுற்றும். அதிலும் மஞ்சளும் குங்குமமும் வேறு பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். குங்குமம் வைத்த ஒரு கல்லுக்காக ரோடே வளைந்து போகிற ஊர் இது.

ஆட்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். “நாங்க புள்ளகுட்டிக்காரங்க சார், நம்மளால ஆவாது” என்றார்கள். ஆள் போய்ச் சொல்லித் தலைவர் ஜீப்பில் வந்தார். “எவன்டா இந்த வேலை பார்த்தது?” என்று கத்திக்கொண்டே வந்தவர் சுவருக்குப் பக்கத்தில் வந்ததும், தன்னையறியாமலே, காலை உதறிச் செருப்பைக் கழற்றினார். அதோடு விஷயம் முடிந்துபோனது. கரடியை அங்கேயிருந்து எடுக்க இனி யாராலும் ஆகாது.

நான் காவலாளைத் திரும்பிப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் மஞ்சள். “என்னய்யா இது?” என்று மெதுவாகக் கேட்டேன். “எனக்கு வேற வழி தெரியலிங்க மேடம்” என்றார். “யோவ், நீ கெட்டிக்காரன்ய்யா!” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தக் கத்திரியைக் கரடி குளத்திலேயே கழித்தது. பாதம் ஆறிப் புதுத்தோல் வந்தது. ரோமம் பளபளவென்று ஆகி, ஒரு சுற்றுப் பெருத்தது. ஊர் அதற்குக் கரடியப்பன் என்று பேர் வைத்துவிட்டது. “அது பொம்பளைக் கரடிங்க” என்று நான் சொன்னதற்கு, “சாமிக்கு ஏதும்மா ஆம்பள பொம்பள?” என்றார் லாட்ஜ்காரர். சொல்லிவிட்டு அவரே புங்கமரத்தில் சுற்ற ஒரு பட்டு வேட்டியும் எடுத்துக் கொடுத்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் தாங்கவில்லை. உண்டியல் வைத்தார்கள். கரடியைப் பார்க்க எவன் காசு கொடுப்பான் என்று கேட்டவர்தான் உண்டியலுக்குப் பூட்டு வாங்கி வந்தவர். ‘வங்கப் புலி’ பலகையை எடுத்துவிட்டுப் பூங்காவின் முதலிடம் கரடிக்கே என்று தீர்மானம் போட்டார்கள். நானே டைப் அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

முதலிடம் கிடைத்தால் சும்மா விடுவார்களா? திருப்பணி ஆரம்பித்தது.

முதலில் பாலம். அகழிக்கு அந்தப் பக்கம் சாமி இருந்தால் பக்தர்களுக்குக் கண்ணுக்குத் தெரியவில்லையாம். ஒரு நகைக்கடைக்காரர் உபயமாகப் பாலம் வந்தது. பாலம் வந்தால் ஜனம் உள்ளே போகும், கரடி சும்மா இருக்குமா? அதனால் கம்பி. குகையைச் சுற்றிக் கம்பி போட்டு அதற்குள் கரடியை அடைத்தார்கள். அப்புறம் தரை. “சாமி சேத்துல பொரளலாமா?” என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் கண்ணீர் விட்டுக் கம்பிக்குள் கருப்புக் கல் பதித்துக் கொடுத்தார். கல்லுக்குக் கல் அவர் பேர், அவர் அப்பா பேர், அவர் சம்பந்தி பேர். அப்புறம் மரம். பறவை எச்சம் சாமிமேல் விழுகிறதென்று புங்கமரத்தை வெட்டினார்கள். மரத்துக்குப் பதிலாகத் தகரப் பந்தல். கடைசியில் குளம். ஈரத்தில் ஒரு அம்மா வழுக்கி விழுந்தாள். “பக்தர்கள் பாதுகாப்புதாங்க முக்கியம்” என்று சொல்லி அதை மண்ணடித்துத் தூர்த்து, அர்ச்சனைத் தட்டு விற்கிற கடை கட்டினார்கள்.

ஒவ்வொன்றுக்கும் நான் போய்க் கத்தினேன். மரம் வெட்டின அன்றைக்குக் கோடாரிக்கு முன்னாலேயே போய் நின்றேன். “ஏம்மா, கோயில் காரியத்துல குறுக்க நிக்கிறே, உனக்குக் குழந்தைகுட்டி இல்லியா?” என்றார் தலைவர். “இருக்குது. அதுங்களுக்கு நெழல் வேணும்னு தெரிஞ்ச அறிவும் இருக்குது” என்றேன். ரெண்டு பேர் என்னை நகர்த்திவிட்டு வெட்டினார்கள்.

காவலாளைப் பூசாரி ஆக்கிவிட்டிருந்தார்கள். நெற்றியில் பட்டை, இடுப்பில் சிவப்புத் துண்டு, பீடி கூடாது. ஒருநாள் அவர் எல்லாவற்றையும் வீசிவிட்டு மீட்டிங் நடக்கிற அறைக்குள்ளேயே வந்துவிட்டார். “இது சாமி இல்லிங்க. அந்த மஞ்சளைப் பூசினது நான்தாங்க. எம் பொண்டாட்டி மளிகைக் கடையில வாங்கி வச்ச மஞ்சள்தூளுங்க அது. பாப்பாவைக் கீழ எறக்கக் கூடாதுன்னு நான் செஞ்ச வேலைங்க. என்னைப் போலீஸ்ல வேணும்னாலும் குடுங்க, அதை மண்ணுல வுட்ருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கான்ட்ராக்டர் எழுந்து வந்து அந்த ரெண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எத்தனையோ கோடி கை கீது. உன் கையாலதானே சாமி பூச வச்சுது” என்றார். தலைவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுவாரமே அந்த மளிகை மஞ்சளைப் பொட்டலம் போட்டு வாசலில் விற்றார்கள்.

அடுத்த கத்திரி வந்தது. கருப்புக் கல்லுக்குச் சிமெண்ட் எவ்வளவோ தேவலை. தகரப் பந்தல், சுற்றிலும் விளக்கு, கற்பூரப் புகை. கரடி மறுபடி காலைத் தூக்க ஆரம்பித்தது. இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. ஜனம் இப்போது கைதட்டவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டது. “அப்பனுக்கு அருள் வந்துடுச்சி!” என்று உடுக்கை அடித்தார்கள். உடுக்கைச் சத்தத்தில் அது இன்னும் வேகமாகக் காலைத் தூக்கியது. குறி கேட்டுக்கொண்டு பொம்பளைகள் வரிசையில் நின்றார்கள். காவலாள் கோணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தால், “சாமிக்குக் கோணியா போடறே?” என்று பிடுங்கி எறிந்தார்கள். தண்ணீர் ஊற்றினால் கல் வழுக்குகிறது என்று திட்டினார்கள். நான் வேங்கிக்கால் பக்கம் இருந்த அரசாங்க ஆபீஸ் ஒன்றில் போய் முறையிட்டேன். “மத விஷயம்மா, கொஞ்சம் சூதானமாத்தான் பார்க்கணும்” என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு மத்தியானம் ஆட்டம் நின்றது. கூட்டம் அருள் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தது. காவலாள் கம்பியைத் திறந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போனபோது அதன் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பாதம் பார்க்கச் சகிக்கவில்லை. “பாப்பா, பாப்பா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே வந்து நின்ற கமிட்டிக்காரர்களைப் பார்த்து, “கொன்னுட்டீங்களேய்யா, பாவிங்களா!” என்று கத்தினேன். “அப்பன் சமாதி ஆயிட்டாரு” என்று தலைவர் கைகூப்பினார். கடைகளை அடைத்தார்கள். பம்பை, பூப்பல்லக்கு, ஊர்வலம். உயிரோடு இருந்தபோது நாலடி மண் கொடுக்காதவர்கள் சாவுக்கு நல்ல ஆழமாகக் குழி வெட்டிக் கொடுத்தார்கள்.

அப்புறம் கல்லில் ஒரு கரடி செய்து அதே இடத்தில் வைத்தார்கள். மீசை வைத்த கரடி. பூங்காவை மறுபடி புதுப்பிக்க மீட்டிங் கூடியது. மெட்ராஸ் பிளான்காரர் மறுபடி கலர்ப் படத்தோடு வந்தார். இந்தத் தடவை யாரும் விவாதமே பண்ணவில்லை. முதலிடம் சிலைக்கு. அதைச் சுற்றித் தொட்டி மாதிரி கட்டவேண்டும், அபிஷேகத் தண்ணீர் நிற்க. வெயில் படாமல் இருக்க மேலே கீற்றுப் பந்தல், தகரம் கூடாது, தகரம் சூடாம். பக்கத்தில் நிழலுக்கு ஒரு புங்கங்கன்று.

என்னால் தாங்க முடியவில்லை. “உயிரோட இருந்தப்ப அது கேட்டது இதைத்தானேய்யா!” என்று மேஜையைத் தட்டிக் கத்தினேன்.

தலைவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். “அதனாலதாம்மா இப்ப செய்யறோம்.”

அந்த வேலையை விட்டுவிட்டேன். காவலாள் விடவில்லை. எங்கே போவார், குடும்பம் இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து ஒரு கத்திரி வெயிலில் அந்தப் பக்கம் போனவள் உள்ளே எட்டிப் பார்த்தேன். சிலைக்கு முன்னால் அவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். மழை வேண்டி ஊர்க்காரர்கள் நாளெல்லாம் அபிஷேகம் செய்யச் சொல்லியிருந்தார்களாம். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். அவர் குனிந்து சிலையின் பாதத்தில் உள்ளங்கையை வைத்து, வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தொட்டுப் பாருங்களேன் மேடம்” என்றார். “காலு ஜில்லுனு கீதுங்க.”

தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது.